பன்னிரண்டு கிலோ ஈயம்

காலைப் பயிற்சி ஓட்டத்துக்கு முன்னால் என் மனைவியின் விலாக் கவசத்துப் பட்டையை இழுத்து மாட்டும்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஆறு வருடமாக மூன்றாவது ஓட்டையில் மாட்டிய கொக்கி, அன்று அதற்கு எட்டாமல் நான்காவது ஓட்டையோடு நின்றுகொண்டது. அவள் வானத்தைப் பார்த்தாள். நான் அவள் ஷூவைப் பார்த்தேன். மழை வருமா என்று அவள் கேட்டாள். வராது என்றேன்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வயது நாற்பத்து மூன்று. இப்போதைய பேருந்துகள் தாமாகவே கியர் மாற்றிக்கொள்வதால், வாரமெல்லாம் கை சும்மா கிடக்கிறது என்பது அவள் குறை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் கியர் கார்ட் என்கிற பந்தய வண்டி. பொழுதுபோக்குப் பூங்காவில் குழந்தைகள் முட்டி விளையாடுகிற வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். முதுகுக்குப் பக்கத்தில் ஒரு பந்தய மோட்டார் சைக்கிளின் எஞ்சின், ஆறு கியர், ஸ்டியரிங்கை ஒட்டி வலது கைக்கு ஒரு நெம்புகோல். கிளட்ச் புறப்படும்போது மட்டும்தான். அப்புறம் படபடவென்று தட்டிக்கொண்டே போகவேண்டும். தரைக்கும் சீட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஸ்பிரிங் என்ற பேச்சே கிடையாது. பாதையில் கிடக்கும் சின்னக் கல்லும் நேராக முதுகெலும்புக்கு வந்து வணக்கம் சொல்லும். விலா எலும்பில் விரிசல் விழாமல் இருக்கத்தான் அந்தக் கவசம்.

லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய மெக்கானிக். பந்தயப் பாதைக்குள் நுழைந்துவிட்டால் அவள் எனக்கு "டிரைவர்", நான் அவளுக்கு "மெக்கானிக்". புருஷன் பெண்டாட்டிச் சண்டையெல்லாம் மைதானத்து கேட்டுக்கு வெளியே என்று முதல் வருடமே பேசிவைத்த ஏற்பாடு.

பந்தயம் முடிந்ததும் வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்து எடை பார்ப்பார்கள். நூற்று எழுபத்தைந்து கிலோவுக்கு நூறு கிராம் குறைந்தாலும் பட்டியலில் பெயர் இருக்காது. அவள் ஒல்லி. அதனால் இரண்டிரண்டு கிலோவாக ஆறு ஈயத் தகடுகளை சீட்டில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறேன். அப்படியும் ஒரு கிலோதான் உபரி நிற்கும். பந்தய நாள் காலையில் அவள் குளியலறைத் தராசில் ஏறி உள்ளிருந்தே எண்ணைச் சொல்லுவாள். அன்றைக்கும் ஆறு வருடமாகச் சொல்லிவந்த அதே எண்ணைத்தான் சொன்னாள். ஆனால் ஒரு ஓட்டை என்பது இரண்டு கிலோவாவது இருக்கும். வீட்டில் சமையல் என் கையில் என்பதால் குற்றவாளியும் நான்தான்.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். போன வருடம் ஒருநாள் விளையாட்டாக எடையைப் பற்றி ஏதோ சொல்லப்போய், மூன்று நாள் வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசியது. தவிர, இந்தப் பந்தயம் வேறு மாதிரி. ஆறு வருடத்தில் இரண்டு முறை நான்காவதாக வந்திருக்கிறாள். முதல் மூன்றில் ஒருமுறைகூட இல்லை. கோப்பைக்கென்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் அவள் ஒதுக்கிய இடத்தில் ஒரு டார்ச் லைட் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கிலோவைச் சும்மா சுமந்தால் ஒவ்வொரு வளைவிலும் பின்தங்குவாள். அதனால் ஓட்டுநர் கூட்டத்துக்கு அவள் போன நேரத்தில், சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றிக் கந்தல் துணியில் சுற்றிக் கருவிப்பெட்டிக்குள் தள்ளினேன். பிறகு டயருக்குக் காற்றுப் பார்க்கும் கருவியைக் கடன் வாங்கிவரப் போனேன். திரும்பி வந்தபோது அவள் தனியாக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தராசுல ஒரு தடவை ஏத்திப் பாத்துடலாமா, டிரைவர்?" என்று பேருக்குக் கேட்டேன். மைதானத்துத் தராசு எண்ணை முழ உயரத்தில், சிவப்பாக, ஊருக்கே காட்டும்.

"எதுக்கு மெக்கானிக்? அங்க ஒரே கூட்டம். எப்பவும் உள்ள எடைதானே."

"அதானே" என்றேன்.

ஏழாவது இடத்திலிருந்து புறப்பட்டாள். வண்டி சிட்டாகப் பறந்தது. நான்காவது சுற்றிலேயே ஐந்தாவது இடம். என் கணக்குப் பலித்துவிட்ட மிதப்பில், முகம் துடைக்க அவளுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கலாம் என்று அவளுடைய ஷூப் பையைத் திறந்தேன். சாக்ஸுக்குள் ஏதோ கனத்தது. வெளியே எடுத்துப் பார்த்தேன். ஈயத் தகடு! சீட்டின் முதுகுப் பக்கம் இருக்கவேண்டியது.

எடை கூடியது எனக்குத் தெரியக்கூடாது என்று அவளும் கழற்றியிருக்கிறாள். கூடியது இரண்டு, குறைத்தது நான்கு. உபரி ஒரு கிலோவைக் கழித்தாலும் இன்னும் ஒரு கிலோ உதைக்கிறது. பாதையில் அவள் நான்காவது வண்டியின் பின்சக்கரத்தை முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, என் மனைவி முந்தக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முந்திவிட்டாள். கடைசிக்கு முந்தைய சுற்றில், நீண்ட வளைவின் உள்பக்கம் புகுந்து, இரண்டு கியர் இறக்கி, மூன்றாவது இடத்தையும் பிடித்தாள். அவ்வளவு அழகாக அவள் ஓட்டி நான் பார்த்ததில்லை. வேண்டுதல் எல்லாம் மறந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

கொடி விழுந்தது. மூன்றாம் இடம். இனி ஒரு மெதுவான சுற்று, பிறகு தராசு. அதற்கிடையில் வண்டியைத் தொட யாருக்கும் அனுமதியில்லை. நான் வேலியை நோக்கி ஓடினேன். கைக்கு ஒன்றாக இரண்டு தகடுகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். ஒரு கையை உயர்த்தியபடி வந்தவள் என்னைப் பார்த்தாள். உயர்ந்த கை அப்படியே நின்றது. ஹெல்மெட் ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பியது.

அடுத்த நொடி வண்டியைச் சுத்தமான பாதையிலிருந்து ஒடித்து ஓரத்துக்கு இறக்கினாள். எல்லா வண்டிகளின் டயரும் உதிர்த்த ரப்பர்த் துணுக்குகள் அங்கேதான் குவிந்து கிடக்கும். சூடான டயர் போகிற போக்கில் அதையெல்லாம் அள்ளி ஒட்டிக்கொள்ளும். சுற்று முழுக்க ஓரத்திலேயே, வீடு பெருக்குகிறவள் மாதிரி ஒரு துணுக்கு விடாமல் வந்தாள். நான்கு சக்கரத்திலும் கறுப்பாக அப்பியிருந்தது. அரைக் கிலோ இருக்கலாம். ஒரு கிலோவும் இருக்கலாம்.

தராசு மேடையில் ஏறி எஞ்சினை அணைத்தாள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மூச்சிரைக்க நின்றேன். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள். கண் நிறைந்திருந்தது.

"ஏங்க, நீங்களுமா கழட்டினீங்க?"

பாதைக்குள் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நாலாவது ஓட்டை."

அவள் கவசத்தைக் குனிந்து பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங் இல்லாத வண்டி. அவள் சிரிப்பு அத்தனையும் நேராகத் தராசுக்கு இறங்கியது. நூற்று எழுபத்து நான்கு புள்ளி எட்டு. நூற்று எழுபத்தைந்து புள்ளி ஒன்று. நூற்று எழுபத்து நான்கு புள்ளி ஒன்பது.

"அம்மா, ஒரு நிமிஷம் சிரிக்காம உக்காருங்க. நம்பர் நிக்க மாட்டேங்குது" என்றார் தராசுக்காரர்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். நான் அவசரமாக இரண்டு தகடுகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அதைப் பார்த்துவிட்டாள். மறுபடி தோள் குலுங்க, சிவப்பு எண்கள் நூற்று எழுபத்தைந்துக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.