முள்ளிக்கரைக்கு ஒரு டிக்கட்

2023ஆம் ஆண்டு பெப்ரவரி ஏழாந் திகதி தொடக்கம், கல்முனையில் சிப்பித்துறைக்கு டிக்கட் எடுத்தவர்கள் எல்லாரும், அந்தக் கரையிலிருந்து மூன்று கிலோமீற்றர் உள்ளே தள்ளியிருக்கிற நூறு வீட்டுத் திட்டத்தில்தான் போய் இறங்கினார்கள். பஸ் எங்கேயும் திரும்பவில்லை. வழமையான கரைவீதியில்தான் ஓடியது, இடது பக்கம் கடலும் தெரிந்தது. கீழே கால் வைத்தால் மட்டும் திட்டத்துப் பள்ளிவாசலின் பச்சைக் கேற்று முன்னால் நிற்கும். சனங்களுக்கு இதில் மனக்குறை இல்லை. சுனாமிக்குப் பிறகு சிப்பித்துறையில் வீடென்று ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கிருந்தவர்கள் எல்லாரும் திட்டத்தில்தான் குடியிருந்தார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள்தான் இரண்டு நாள் தடுமாறி, பிறகு "கடலுக்கு" என்று டிக்கட் கேட்கப் பழகினார்கள். கடலுக்கு யாரும் வேறு பெயர் எழுதி வைக்காதபடியால் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

காரணம் ஸஹ்றா டீச்சர். கணினிப் பாடம் படிப்பிக்கிற அவர், கரையோர ஊர்களுக்கென்று ஒரு விக்கித்தளம் நடத்திவந்தார். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஓர் ஊருக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒரு பெயரில் கட்டுரை இருக்கும், மற்றப் பெயரில் ஒற்றை வரி இருக்கும்: இதைத் தேடி வருகிறவரை அங்கே அனுப்பு. வழிமாற்று என்று அதற்குப் பெயர். ஆறாந் திகதி அஸர் தொழுகைக்குப் பிறகு சிப்பித்துறையை அவர் நூறு வீட்டுத் திட்டத்துக்கு வழிமாற்றினார். மறுநாள் பஸ் கீழ்ப்படிந்தது. விஷயம் காதுக்கு எட்டியதும், சோதித்துப் பார்க்கிற ஆசையில் "சிப்பித்துரை" என்ற பிழையான எழுத்துக்கும் ஒரு வழிமாற்றுப் போட்டார். றகரம் நாக்கில் வராதவர்களும் அன்றிலிருந்து சரியாக வந்து சேர்ந்தார்கள்.

தளத்தின் மற்ற நிருவாகி சப்ரி சேர், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். ஆதாரம் இல்லாத பெயரை அவர் ஏழு நாள் அறிவித்தல் கொடுத்து நீக்கிவிடுவார். ஜனவரியில் ஒரு வயல் வெட்டையின் பெயரை அப்படி நீக்கியபோது, அதை யார் சொன்னாலும் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. அங்கே வயல் வைத்திருந்தவர்கள் இன்றைக்கும் கையால் காட்டித்தான் கேட்கிறார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் பின்னேரம், அந்த பஸ்ஸின் கொண்டக்டர் றிபாத் ஸஹ்றாவின் வீட்டுக்கு வந்தான்.

"டீச்சர், முள்ளிக்கரை எண்டு ஒரு இடம் இருக்கா? ஒரு அம்மா மூணு கிழமையா ஒவ்வொரு நாளும் அந்தப் பேரைச் சொல்லித்தான் டிக்கட் எடுக்கிறா. இறங்கினா வெறுங் கடற்கரை. பொழுதுபட மட்டும் நிண்டுபோட்டுத் திரும்பி வாறா. இப்பவும் அங்கதான் நிக்கிறா."

ஸஹ்றாவுக்கு அந்தப் பெயர் தெரியும். திட்டத்தில் நாற்பத்தேழாம் இலக்க வீட்டிலிருக்கும் றிபாத்தின் உம்மா ஸகியாதான் முன்பொருநாள் சொன்னவர்: சிப்பித்துறையின் வடக்கு அந்தத்தில் இருந்த தமிழ்ச் சனம் ஊரை அப்படித்தான் கூப்பிட்டது. அதைக் கேட்டு ஸஹ்றா முள்ளிக்கரையை சிப்பித்துறைக்கு வழிமாற்றியிருந்தார். பிறகு சிப்பித்துறையைத் திட்டத்துக்கு மாற்றினபோது இதை மறந்துபோனார். தளம் ஒரு தடவைதான் வழிகாட்டும். ஒரு வழிமாற்றிலிருந்து இன்னொரு வழிமாற்றுக்கு வந்தவரை அங்கேயே விட்டுவிடும். அவர் பக்கத்தைத் திறந்தார். மேலே சப்ரி சேரின் அறிவித்தல் இருந்தது: ஆதாரமில்லை, இன்று மாலை ஆறு மணிக்கு நீக்கப்படும். அறிவித்தல் நிற்கும் வரைக்கும் பக்கத்தில் யாரும் கை வைக்க முடியாது. நேரம் நாலரை. ஸஹ்றா போன் எடுத்தார்.

"சேர், உங்களுக்கு ஆதாரம்தானே வேணும். கடற்கரையில ஒண்டு நிக்கிது, வாங்க."

மூவரும் "கடலுக்கு" என்று சொல்லிக்கொண்டு போய் இறங்கினார்கள். அந்த அம்மா செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு மணலில் இருந்தார். பெயர் செல்லத்தங்கம். தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினையில் ஓடி, தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் முப்பத்திரண்டு வருஷம் கிடந்து, இப்போது பாண்டிருப்பில் மகளோடு இருக்கிறார். ஆரைத் தேடுகிறீர்கள் என்று ஸஹ்றா கேட்டார்.

"ஸகியாவ. ரெண்டு பேருக்கும் ஒரே கிழமையிலதான் புள்ள பிறந்த. அவ நாப்பது நாளா காய்ச்சல்ல கிடந்தா. அவட மகனுக்கு நான்தான் பால் குடுத்தனான். றிபாத் எண்டு பேர் வச்ச."

றிபாத் டிக்கட் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டான். மூன்று கிழமையாக அவருக்கு மிச்சக் காசு கொடுத்தவன் அவன். தனக்குப் பால் கொடுத்த தாயைப் பற்றி அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உம்மா சொல்லியிருக்கிறார், முகம்தான் தெரியாது. பிறகு எழும்பி, "வாங்க, நான் கூட்டிப்போறன்" என்று கையைப் பிடித்தான். திட்டத்துப் பக்கம் பத்து எட்டு வைத்தார்கள், அலை காலை நனைத்தது. மறுபடி நடந்தார்கள், மறுபடியும் கடல். செல்லத்தங்கத்துக்கு இது பழக்கம், பாண்டிருப்புக்குத் திரும்பும்போது மட்டும்தான் கரை வழி விடும். அவன்தான் அழுதான்.

சப்ரி சேர் தொண்டையைச் செருமினார். "அம்மா, குறை நினைக்காதீங்க. அந்தப் பேர் எதிலயாவது எழுதியிருக்கா?"

செல்லத்தங்கம் பையிலிருந்து மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்தார். 1987. பிறந்த இடம்: முள்ளிக்கரை. சப்ரி சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தரம் வாசித்தார், படம் பிடித்தார், போனிலேயே அறிவித்தலை நீக்கிவிட்டார். "நான்தான் பிழை" என்று மெதுவாகச் சொன்னார். ஆறு மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது. ஸஹ்றா போனில் முள்ளிக்கரைப் பக்கத்தில் இருந்த சிப்பித்துறை என்ற சொல்லை அழித்து, நூறு வீட்டுத் திட்டம் என்று எழுதிச் சேமித்தார்.

செல்லத்தங்கம் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒன்பது எட்டு வைத்தார். ஒன்பதாவது எட்டில் மணல் சீமெந்து முற்றமானது. ஸகியா குந்தியிருந்து கீரிமீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ன புள்ள, இவ்வளவு சுணங்கிற்றாய்?"

"வந்துதான் நிண்டனான்" என்றார் செல்லத்தங்கம். "உங்கட ஊர்தான் அங்க இல்ல."

இரண்டு பேரும் மீன் கழுவின தண்ணிக்குப் பக்கத்திலேயே கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மற்ற மூவரும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு, நாலரைக் கிலோமீற்றர் சுற்றி ஓட்டோவில் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது செல்லத்தங்கம் கிழமைக்கு ஒரு தரம் வருகிறார். பாண்டிருப்பில் மகளின் வீட்டுப் படியிறங்கி, முள்ளிக்கரை என்று நினைத்து ஒன்பது எட்டு வைப்பார். பக்கத்து வீட்டார் ஆரம்பத்தில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது, கீரை இருந்தால் ஒரு பிடி கொண்டுவரச் சொல்லி விடுகிறார்கள். றிபாத் மட்டும் தன்னுடைய பஸ்ஸில் முன் சீற்றை அவருக்கென்று வைத்துக்கொண்டு, ஏறி வரும்படி கேட்டபடி இருக்கிறான்.

"என்னத்துக்கு மனே" என்கிறார் அவர். "பஸ்ஸில வந்தா நேரம் போயிரும்."