சொல்லிப்போட்டு வந்தனியோ

“பிள்ளை, பெட்டியை மூடுவமோ?” என்று கோயில் மூப்பர் அருட்பிரகாசம் கேட்டபோது, கிருஷாந்தினி அப்பாவின் காலுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்கச் செருப்புக்கூட ஒழுங்காகப் போடாத மனுஷனுக்கு யாரோ வெள்ளைக் காலுறை மாட்டிவிட்டிருந்தார்கள். அதுவும் குதிக்காலில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“தங்கச்சி வரட்டும்.”

“சுவாமி பூசை உடுப்போட கோயில்ல பாத்துக்கொண்டிருக்கிறார்.”

“பாக்கட்டும்.”

மூப்பர் வெளியே போனார். பந்தலுக்குள் இருந்த சனம் அவரை விசாரித்து, அக்காவுக்குத் தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் என்று உருகியது. பாசமாவது மண்ணாங்கட்டியாவது. கிருஷாந்தினிக்குத் தங்கச்சியிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. அப்பாவின் முகம் மறைவதற்குமுன் அதைக் கேட்டே ஆகவேண்டும் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்றுகொண்டிருந்தாள்.

தங்கச்சி மதுஷிகா கென்யாவில் இருந்தாள். நைரோபியில் தகரக் கொட்டில்கள் நெருக்கியடித்த ஒரு சேரியில், பள்ளிக்கூடம் போக வழியில்லாத பிள்ளைகளுக்குத் தொண்டராகப் படிப்பிக்கப் போயிருந்தாள். சம்பளம் கிடையாது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பளமில்லாமல் வேலை செய்கிற ஒருத்தியைப் பேசாலை ஊர் இதற்குமுன் கண்டதில்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாளோ என்று சிலர் கேட்டார்கள். மரண அறிவித்தல் அடித்த கடைக்காரப் பெடியன், கென்யா என்று சொல்லி எழுதிக் கொடுத்தும், பழக்க தோஷத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் கனடா என்று போட்டுவிட்டான். சந்திக்குச் சந்தி அது தொங்கியது. யாரும் அதைப் பிழை என்று சொல்லவில்லை.

அப்பா பத்திநாதனுக்கு மட்டும் சின்ன மகளின் வேலையில் பெருமை தாங்காது. ஊசி போட்டவள், புண் கழுவியவள், கஞ்சி பருக்கியவள் கிருஷாந்தினி. வந்தவர்களிடமெல்லாம் அவர் கதைத்தது ஆபிரிக்கப் பிள்ளைகளைப் பற்றி. அவளுக்கு எரிந்தது. இந்தக் கரையில் படிப்பில்லாத பிள்ளைகள் இல்லையா என்று ஒருநாள் கேட்டும்விட்டாள்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சண்டைக்குப் பயந்து குடும்பம் இந்தியாவுக்கு ஓடி மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில், எல்சா என்றொரு வெள்ளைக்காரப் பெண் தொண்டராக வந்து முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். சின்னக் கிருஷாந்தினிக்கு எல்சா மிஸ்தான் உலகம். மிஸ்ஸின் பை தூக்குவதற்குப் பிள்ளைகளோடு சண்டை பிடிப்பாள். ஒருநாள் மிஸ் வரவில்லை. மறுநாளும் இல்லை. அவளுடைய காலம் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள் என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளிடம் ஒருவரும் சொல்லவில்லை. கிருஷாந்தினி முகாம் வாசலில் பின்னேரம் பின்னேரமாக நின்றாள். பிறகு வேறு மிஸ் வந்தாள். அவளுடைய பையை இவள் தொடவேயில்லை.

இதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை, கணவன் கொலின்சுக்குக்கூட.

நேற்றுப் பொழுதுபட அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி கைவிரித்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மதுஷிகா விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அப்பாவின் பார்வையை எப்போதோ கொண்டுபோயிருந்தது. அவர் கையால் துழாவினார். கிருஷாந்தினி பிடித்துக்கொண்டாள்.

“மதுவோ?”

அருகில் செபமாலையோடு இருந்த மாக்கிறட் மாமி, ஓம் என்று சொல்லும்படி தலையை ஆட்டினாள்.

“ஓம் அப்பா. வந்திட்டன்.”

“பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டு வந்தனியோ?”

“ஓம், சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்.”

“அப்ப சரி.” அவர் நெடுநேரம் மூச்சு வாங்கினார். “சொல்லாட்டி அதுகள் வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருக்குங்கள். உன்ர அக்கா நிண்டவள். அந்த வெள்ளைக்காரப் பிள்ளை போனாப்பிறகு. நான் தூக்கிக்கொண்டு வரேக்க உடம்பெல்லாம் காய்ச்சல். அவள் இன்னும் அதை மறக்கேல்லை. எனக்குத் தெரியும்.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கை மட்டும் கொஞ்சநேரம் இறுகி இருந்தது.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. அதைத் தங்கச்சியின் பெயரில் நின்று களவாகக் கேட்டோமே என்ற வெட்கமும் கூடவே வந்தது. இரவு முழுக்க அவளைத் தூங்கவிடாமல் அரித்தது வேறொன்று. அவர் நிம்மதியாகப் போனது அவள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி. அந்த வார்த்தை உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

விமான நிலையத்திலிருந்து வாடகை வான் வண்டி வந்து நின்றது. மதுஷிகா கசங்கிய உடுப்போடு ஓடிவந்து பெட்டியில் விழுந்தாள். பெண்கள் ஒப்பாரியைக் கூட்டினார்கள். அழுது ஓய்ந்ததும் அவள் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னைக் கேட்டவரோ அக்கா?”

“நீ முதல்ல இதைச் சொல்லு. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டு வந்தனியோ?”

மதுஷிகா விளங்காமல் பார்த்தாள். “எங்க அக்கா நேரம்? விடியமுதல் வெளிக்கிட்டனான்.”

“திரும்பிப் போவியோ?”

“இல்லை. அடுத்த கிழமையோட என்ர காலம் முடியுது. வேற ஆரையும் அனுப்புவினம்.”

வேறு யாரையாவது. கிருஷாந்தினிக்குக் கை ஓங்க வந்தது. மாக்கிறட் மாமி அவசரமாக எழுந்து, “இப்ப என்னத்துக்குப் பிள்ளை இந்தக் கதை?” என்றாள்.

“நீங்கள் இருங்கோ மாமி.” அவள் தங்கச்சியின் பக்கம் திரும்பினாள். “நேற்று அப்பா நான் நீ எண்டு நினைச்சவர். நான் ஓம் எண்டனான். பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான் எண்டும் சொன்னனான். அதைக் கேட்டுப்போட்டுத்தான் போனவர். அந்தப் பொய்யோட இந்தப் பெட்டியை மூட நான் விடமாட்டன். போனை எடு.”

“இப்பவோ?”

“இப்ப.”

மதுஷிகா கைபேசியை எடுத்தாள். வீடியோ அழைப்பு நெடுநேரம் அடித்தது. அங்கே ஒரு ரீச்சர் எடுத்தாள். அடுத்த கணம் திரை முழுக்கப் பிள்ளைகள், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, கையை ஆட்டி, ஒரே கூச்சல். பந்தலில் இருந்த சனம் எட்டிப் பார்த்தது. மதுஷிகா அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னாள். கூச்சல் நின்றது.

“என்ன சொன்னனி?”

“அப்பா செத்துப்போனார் எண்டு.”

“மற்றது?”

மதுஷிகா கீழுதட்டைக் கடித்தாள்.

“வருவன் எண்டு மட்டும் சொல்லாத,” என்றாள் கிருஷாந்தினி. “வரமாட்டன் எண்டு சொல்லு. அதுகள் அழட்டும். பறவாயில்லை.”

மதுஷிகா சொன்னாள். ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு பையன் என்னவோ கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு அந்த ரீச்சர் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சாப்பாட்டுக்கு விலக்கிக்கொண்டு போனாள்.

ஒரு சிறுமி போகவில்லை. திரைக்கு மிக நெருக்கமாக வந்து நின்றாள். அவளுடைய நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. மதுஷிகாவின் பெருவிரல் அழைப்பை நிறுத்தும் சிவப்புப் பொட்டுக்கு மேலே நின்றது. அவளால் அமத்த முடியவில்லை. “அக்கா, ஏலாது,” என்றாள்.

கிருஷாந்தினி கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

மூப்பர் மறுபடியும் உள்ளே வந்தார். “பிள்ளை, இனி மூடுவமே?”

“கொஞ்சம் பொறுங்கோ.”

“இன்னும் ஆர் வரக் கிடக்கு?”

கிருஷாந்தினி கைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அப்பாவின் தலைமாட்டில் குந்தினாள். கோயிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது. அந்தச் சின்ன நெற்றி திரையை விட்டு அசையவில்லை.