அருளம்பலத்தாரின் களைக் கட்டுப்பாடு

அருளம்பலம் களைகளுக்கு எதிரி. உவர்மலையில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அவரே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

அரசாங்கக் கந்தோரொன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, பிரதம இலிகிதராக இளைப்பாறிய மனிதர். கோப்புகள் இல்லாத வாழ்க்கையை இரண்டு கிழமைதான் தாங்கினார். மூன்றாம் கிழமை மலர்த்தோட்டச் சங்கத்தில் சேர்ந்தார். ஆறாம் மாதம் அதற்குக் காரியதரிசியானார். அதன்பிறகு வீட்டுப் பூம்பாத்திகளில் களைகளை ஒழிப்பது பற்றி நாலு கூட்டங்களில் பேசினார். விதை விழுமுன் பிடுங்க வேண்டும், கிழங்கோடு எடுக்க வேண்டும், மண்ணை வெறுமையாக விடக்கூடாது என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். அத்தனையும் சரியான கதைதான். அத்தனையையும் அவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, மனைவி கனகம்மா புல்லுப் பிடுங்குவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

கனகம்மாவுக்கு மேசை இல்லை, பழைய குசினிக் கத்தி ஒன்று இருந்தது. மழை பெய்து மண் இளகிய காலையில் அதை எடுத்துக்கொண்டு குந்திவிடுவாள். கோரையை மேலே பிடித்து இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு கீழே பத்திரமாகக் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே நூல் போன்ற வேரைத் தொட்டுக்கொண்டே கிளறிப் போவாள். ஒன்றன் பின் ஒன்றாக நாலைந்து கிழங்குகள் வரும். அறுகில் ஒரு பிடியை வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கு எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தை வேலிக்கு மேலால் அடுத்த வீட்டு ரபீக்காவின் ஆட்டுக்குக் கொடுப்பாள். பிடுங்கிய இடத்தில் தேங்காய்த் தும்புத்தூளை நாலு விரல் கனத்துக்குப் பரப்புவாள். அவ்வளவுதான் அவளுடைய களைக் கட்டுப்பாடு. அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை.

“அக்கா, நேத்து உங்கட மனிசன் கூட்டத்துல நல்லாப் பேசினாராம்,” என்றாள் ரபீக்கா ஒருநாள். “என்ட மனிசன் லாபிரும் போயிருந்தார். பத்து விரலும் தேய உழைக்கோணும் எண்டாராம்.”

“சரியாத்தான் சொல்லியிருக்கிறார்,” என்று கனகம்மா தன் விரல்களைப் பார்த்தாள். “ஆரின்ர விரல் எண்டுதான் சொல்ல மறந்திட்டார்.”

அறுபத்தேழாம் ஆண்டு மாசி மாதம் சங்கத்தின் பூம்பாத்திப் போட்டி வந்தது. மாரி மழை பிந்தியும் பெய்ததால் களைக்கு நல்ல காலம். காரியதரிசியின் வீட்டுக்குப் பரிசு கிடைக்காவிட்டால் சங்கத்தின் மானம் என்னாவது என்று அருளம்பலம் சாப்பாட்டு மேசையில் தினமும் கவலைப்பட்டார். அந்த நேரம் பார்த்து, தம்பலகாமத்திலிருந்த கனகம்மாவின் தங்கை, மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கிவிட்டதென்று ஆளனுப்பினாள்.

“பன்ரண்டு நாளில வந்திடுவன்,” என்று கனகம்மா பையைத் தூக்கினாள். “ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் குந்தியிருந்து பிடுங்குங்கோ, போதும். மூலையில மூண்டு சாக்குத் தும்புத்தூள் கிடக்கு.”

“இஞ்சேரும், களையைப் பற்றி எனக்கே சொல்லித் தாறீரோ?”

“ஐயோ, நான் ஆர் உங்களுக்குச் சொல்ல?” என்றுவிட்டு அவள் கண்டி ரோட்டு பஸ்ஸில் ஏறினாள்.

பிறகு நடந்ததை அவள் துண்டு துண்டாகத்தான் அறிந்தாள். முதல் நாள் அவர் பதினொரு நிமிடம் பிடுங்கினார். பிடுங்கியதில் பாதி, முளைத்துவந்த சீனியாப் பூக்கன்றுகள். இரண்டாம் நாள் முதுகுப்பிடிப்பு. எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தார். மூன்றாம் நாள் கட்டிலில் இருந்தபடியே களை ஒழிப்புக்கு ஒரு திட்டம் எழுதினார். அது ஏழு பக்கம் வந்தது. நாலாம் நாள் டவுனுக்குப் போய், வயற்காரர் புல்லெண்ணெய் என்று சொல்லும் களைமருந்தில் ஒரு போத்தல் வாங்கி வந்தார்.

போத்தலின் மேலிருந்த ஆங்கிலத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். அகன்ற இலைக் களைகளை அழிக்கும், நெல்லுக்குத் தீங்கில்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நெல் எவ்வளவு மெல்லிய பயிர்! அதற்கே தீங்கில்லையென்றால் முள்ளோடு நிற்கும் ரோசாவுக்கு என்ன வந்துவிடப் போகிறது? நெல்லும் ஒரு புல்தான், ரோசாவின் இலை அகன்ற இலைதான் என்ற சின்ன விஷயம், முப்பத்திரண்டு வருட ஆங்கிலத்துக்கு எட்டவில்லை. தெளிகருவியை இரவல் வாங்கி, கடற்காற்று நன்றாக வீசும் பின்னேரமாகப் பார்த்து, பாத்தி முழுக்க அடித்தார். காற்று தன் பங்குக்கு மருந்தை வேலி தாண்டி ரபீக்காவின் கத்தரிப் பாத்திக்கும் கொண்டுபோனது.

பேத்தியைக் கையில் ஏந்தி, குளிக்கவார்த்து, பன்னிரண்டாம் நாள் காலையில் கனகம்மா வீட்டுக்கு வந்து படலையைத் திறந்தாள். அன்று பத்து மணிக்குத்தான் போட்டி நடுவர் வருவதாக இருந்தது. அவள் பையை நிலத்தில் வைத்தாள்.

ரோசாக்களின் குருத்து ஆட்டின் கொம்பைப் போல முறுகிக் கிடந்தது. காசித்தும்பை தண்டோடு சாய்ந்துவிட்டது. சீனியாக்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கருகி நின்றன. கோரை கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. அறுகுக்கு மட்டும் ஒரு குறையுமில்லை. போட்டிக்கு இனி வேறு ஆளில்லை என்று தெரிந்ததுபோலப் பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தது. அவள் ஒரு ரோசாத் தண்டை விரலால் தொட்டாள். ஏழு வருடத்துச் செடி. அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி கூட அதைச் சும்மா விட்டிருந்தது.

“என்ன நடந்தது?” என்று கேட்டாள்.

அருளம்பலம் கோட்டுப் போட்டு, தலைவாரி நின்றார். “ஆரோ பொறாமையில செய்திருக்கினம்,” என்றார். “அறிக்கை எழுதி வச்சிருக்கிறன்.”

குசினிக்குப் பின்னால், விறகுக்கு இடையில், முக்கால்வாசி முடிந்த போத்தல் இருந்தது. மூடியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை, மணமே போதும். கனகம்மா அதைப் பார்த்தாள். அதை அங்கேயே விட்டுவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். இத்தனை வருடமும் பேசாமல் இருந்தவளுக்கு அது பழகிய வேலை.

பத்து மணிக்கு நடுவர் முனாப் வந்தார். தோப்பூர்க்காரர், விவசாயப் போதனாசிரியராக இருந்து இளைப்பாறியவர். கூடச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். முனாப் பாத்தியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். முறுகிய குருத்தொன்றைக் கிள்ளி மோந்தார்.

“நல்லா அடிச்சிரிக்கி,” என்றார். “வயலுக்கு அடிக்கிற மருந்து. பூவெல்லாம் போய்ப் புல்லு மட்டும் மிஞ்சியிரிக்கி. ஆர் அடிச்ச?”

“அதைத்தான் ஐயா நானும் கேக்கிறன்,” என்று அருளம்பலம் அறிக்கையை விரித்தார். “பரிசு எங்களுக்குக் கிடைக்கக் கூடாதெண்டு ஆரோ செய்த சதி. பெயர் சொல்ல நான் விரும்பேல்ல. ஆனால் வேலிப் பக்கமிருந்துதான் அடிச்சிருக்க வேணும்.”

வேலிக்கு அந்தப் பக்கம் ரபீக்கா நின்றுகொண்டிருந்தாள். சங்கத்து ஆட்கள் இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அல்லாஹ்வே! என்ட கத்தரியும்தானே போச்சு,” என்றாள் அவள். “என்ட கத்தரிக்கு நானே அடிப்பனா? ஒரு மாசமாத் தண்ணி ஊத்தி வளத்தது.” அவளுடைய கண்கள் கனகம்மாவிடம் வந்து நின்றன.

கனகம்மா தேத்தண்ணித் தட்டத்தைக் கதிரையில் வைத்தாள். பூச்செடிகள் போனதை அவள் எப்படியோ பொறுத்திருப்பாள். நாலு கூட்டத்துப் பேச்சையும் பொறுத்தவள்தானே. ஆனால் பத்து வருடமாக வேலிக்கு மேலால் அறுகும் கறியும் கொடுத்து வாங்கிய அந்தக் கை, இப்போது முறுகிய கத்தரிக் கிளையொன்றை நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் போத்தலைக் கொண்டுவந்து முனாப்பின் கையில் கொடுத்தாள்.

“இவர்தான் அடிச்சவர்,” என்றாள். “காத்து அவவின்ர பக்கம் கொண்டு போயிருக்கு. அவ ஒரு பிழையும் செய்யேல்ல. நான் பிடுங்குற புல்லை இவர் போத்தலால பிடுங்கப் பாத்தார், அவ்வளவுதான்.”

“கனகம்!” என்றார் அருளம்பலம். காரியதரிசியின் அறிக்கை காற்றில் படபடத்தது.

முனாப் போத்தலைத் திருப்பிப் பார்த்து, சிரிப்பை அடக்கப் பெரிய பாடுபட்டார். “அப்ப இவ்வளவு நாளும் இந்தப் பாத்தியைப் பாத்தது நீங்களா தங்கச்சி?”

“ஓம்.”

“போன வருசம் நான் வந்து பாத்தனான். ஒரு கோரை இரிக்கல்ல. அடுத்த கூட்டத்துல நீங்க வந்து பேசுங்களேன்.”

“பேச ஏலாது ஐயா. வேணுமெண்டால் ஆக்கள் வந்து குந்தட்டும், காட்டித் தாறன்.”

பரிசு வேறு வீட்டுக்குப் போயிற்று. அருளம்பலம் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். நாலாம் நாள் ரபீக்காவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். இரண்டு பக்கம், கீழே கையெழுத்து, திகதி, பிரதி லாபிருக்கு. அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ரபீக்கா கடிதத்தை வாங்கி, திறக்காமல் இடுப்பில் செருகினாள்.

“ஐயா, இத லாபிர் வந்து வாசிப்பார். நான் புதுக் கத்தரி நடோணும். அந்தப் பட்ட கத்தரியையெல்லாம் புடுங்கி, புல்லையும் எடுத்துத் தாங்க. மம்மட்டி அந்தா இரிக்கி.”

அவர் கோட்டைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரமும் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, கடைசியில் குந்தினார்.

வேலிக்கு இந்தப் பக்கம் கனகம்மா அவருடைய கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கோரையின் தலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். இலை மட்டும் கையோடு வந்தது.

“கிழங்கு உள்ளுக்க நிக்குது,” என்றாள் கனகம்மா. “வேரைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ.”

அவர் விரலை மண்ணுக்குள் விட்டுத் தேடத் தொடங்கினார்.