படத்தின் இரண்டு ஓரத்திலும் நார்மன்

நிலக்கரிச் சுரங்கங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்த புத்தாண்டு நாளன்று, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், ரேவன்லா கிராமத்து நார்மன் ஹெஸ்லப் இரண்டு பேரானான். அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒருவனாகத்தான் இருந்தான், அதில் யாருக்கும் குறை இருக்கவில்லை. அன்றைக்கு ஊரே சுரங்க வாசலில், கூண்டை ஏற்றி இறக்கும் பெரிய சக்கரத்துக்குக் கீழே, சங்கத்துப் பட்டுக்கொடியும் பித்தளை வாத்தியங்களுமாக நீளமாக வரிசை கட்டி நின்றது. டர்ஹமிலிருந்து வந்திருந்த புகைப்படக்காரர், சாவி கொடுத்தால் இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பும் கேமராவை முக்காலியில் ஏற்றி, மூச்சு விடாதீர்கள் என்று கத்தினார். நார்மன் தன் அப்பாவோடும் சித்தப்பாக்களோடும் இடது ஓரத்தில் நின்றான். அவன் மனசோ வலது ஓரத்தில், கூட்டுறவுக் கடையில் வெண்ணெய் நிறுக்கும் மேவிஸ் டாட்ஸ் பக்கத்தில் நின்றது. கேமரா தன்னைத் தாண்டியதும் நார்மன் குனிந்து, புகைப்படக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒரே ஓட்டமாக ஓடி, கேமரா அங்கே வந்து சேர்வதற்குள் மேவிஸின் தோளோடு தோளாகச் செருகிக்கொண்டான். இந்த மாதிரிப் படங்களில் குறும்புக்காரப் பையன்கள் எல்லா ஊரிலும் செய்கிற வேலைதான் இது, படத்தில் மட்டும் இரண்டு முறை விழுவார்கள். ரேவன்லாவில் கூட்டம் கலைந்தபோது இரண்டு நார்மன்கள் வீட்டுக்கு நடந்தார்கள்.

இடது ஓரத்து நார்மனுக்குக் கழுத்துப்பட்டி நேராக இருந்தது, ஆள் நிதானம். வலது ஓரத்து நார்மனுக்குத் தொப்பி கோணல், முகம் சிவப்பு, மூச்சு வாங்கியபடியே ஓயாத சிரிப்பு. அவர்கள் அம்மா ஆலிவ் கதவைத் திறந்து ஒருவனைப் பார்த்தாள், மற்றவனைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்கடா, கரித்தூளை வீடு பூரா கொண்டாராதீங்க" என்றாள். சுரங்கத்தில் ஒரு நார்மனுக்குத்தான் வேலை இருந்தது. தொழிற்சங்கம் கூடிக் கூச்சல் போட்டு, ஒருவனுக்குப் பகல் முறை, மற்றவனுக்கு இரவு முறை என்று வாங்கிக் கொடுத்தது. ஒருவன் கூண்டில் இறங்கும்போது மற்றவன் ஏறி வருவான், பாதி வழியில் கம்பிக்குள்ளிருந்து ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். சைக்கிள் ஒன்றுதானே இருந்தது.

மேவிஸ் வலது ஓரத்தவனைக் கட்டிக்கொண்டாள். காரணம் ரொம்பச் சாதாரணம், அவன் பக்கத்தில் இருந்தான். மற்றவன் கூட்டத்தில் இடித்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டபடி நடந்து வந்து சேர்வதற்குள், அவள் கை இவன் கோட்டுப் பைக்குள் போயிருந்தது. கல்யாணத்துக்கு இடது ஓரத்தவனே மாப்பிள்ளைத் தோழன். வருத்தமில்லையா என்று கேட்டவர்களிடம், "அவன் நல்ல பையங்க, எனக்கு அவனைப் பொறந்ததுலேர்ந்து தெரியும்" என்றான். எதிர்வரிசையில் வீடு எடுத்துக்கொண்டான், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெருவைத் தாண்டி வந்து மேவிஸின் மாட்டிறைச்சி வறுவலைச் சாப்பிட்டுவிட்டுப் போவான். புருஷனுக்கோ அந்த ஓட்டத்தின் மூச்சிரைப்பு ஆயுசுக்கும் அடங்கவில்லை. தேவாலயத்தில் பாடும்போதும் இரைத்தது, தூங்கும்போதும் இரைத்தது. ஓடி வந்தவனுக்கு இரைக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள். அந்த இரைப்புக்குள் சுரங்கத் தூசியும் வந்து உட்கார்ந்துகொண்டதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

சுரங்கம் மூடியது. சக்கரத்தை அறுத்து இரும்பாக எடுத்துப்போனார்கள். கடை போயிற்று, வாத்தியக்குழு போயிற்று, சுரங்க வாசலை ஒட்டியிருந்த வீடுகளையும் இடித்தாயிற்று. மிச்சமிருந்தது பேச்சுதான், அதற்கு ஊர்க்காரர்கள் கூடும் எங்கள் மன்றத்தில் பஞ்சமில்லை. படம் எடுத்த கதையை இரண்டு நார்மன்களும் மாறி மாறிச் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி, நின்றவனுக்கு ஓடிய ஞாபகமும் ஓடியவனுக்கு நின்ற ஞாபகமும் வந்துவிட்டன. அதனாலும் குடி முழுகவில்லை, யாருக்கு இரைக்கிறதோ அவன் மேவிஸ் புருஷன் என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்படியிருக்க, எழுபதைத் தாண்டியபின் நிதானமானவனுக்கும் தூசி வேலையைக் காட்டியது. அவனுக்கும் மூச்சு வாங்கத் தொடங்கியது. இருவரும் ஒரே பேருந்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே சட்டையைக் கழற்றச் சொல்லி எல்லாத் துணியையும் ஒரே கூடையில் போட்டார்கள். நெஞ்சுப் படம் இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தன. கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு இருவரும் இரைத்தபடி ஊருக்கு வந்து இறங்கியபோது, மேவிஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். "எவன்டா என் ஆளு?" என்று கேட்டாள். "நான்தான்னு நெனைக்கிறேன்" என்றான் ஒருவன். "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றான் மற்றவன்.

மேவிஸுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தப்பான ஆளை வீட்டுக்குள் விட்டால் தன் புருஷனை எதிர்வீட்டுக்குத் துரத்தியதாக ஆகிவிடும், ஊர் வாயில் வேறு விழ வேண்டும். வழக்குத் தீரும்வரை இரண்டு பேரும் எதிர்வீட்டிலேயே கிடக்கட்டும் என்றாள். இத்தனை வருடம் பக்கத்தில் இரைத்த இரைப்பு இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. நாளுக்கு நாள் இளைத்தாள்.

பழைய தபால்காரி கோனி ரெய்ன் இதற்கு வழி கண்டாள். மன்றத்தில் பழைய படங்களின் பிற்பகல் ஒன்று வைத்தாள். எல்லாரும் பிஸ்கட் டப்பாக்களில் கிடந்த படங்களோடும் அவரவர் ஞாபகங்களோடும் வர வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும். ஊர் முழுக்க வந்தது. அந்த நீளப் படத்தை விரிக்க மேசைகளை வரிசையாகச் சேர்த்துப் போட வேண்டியிருந்தது.

"கல்யாணத்தன்னிக்கு கேக் மேல விழுந்தது யாருடா? அவன்தான் புருஷன்" என்று ஆரம்பித்தாள் கோனி.

"நான்தான்" என்றார்கள் இருவரும்.

"ரெண்டு பேரும் விழுந்திருந்தா எங்களுக்கு ஏதுடா கேக்கு?"

விழுந்தது பாதிரியார் என்று ஒருவர் சொன்னார். கேக்கே கிடையாது, அது ரேஷன் காலம், அட்டையில் செய்த பொம்மைக் கேக் என்று இன்னொருவர் சொன்னார். மேவிஸின் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அது இவனிடம் ஓடியது, அவனிடம் ஓடியது, தலைசுற்றி நடுவில் படுத்து யாருடைய பன்றிக்கறிப் பணியாரத்தையோ தின்றது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. மேவிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் எழுந்து படத்தின் ஓரமாக நடக்கத் தொடங்கினாள். இத்தனை வருடமும் அவள் வலது ஓரத்தைத்தான் பார்த்திருந்தாள், தானும் தன் ஆளும் நிற்கிற இடம் அது. இப்போது இறந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், கொடி பிடித்தவர்கள் எல்லாரையும் விரலால் தாண்டித் தாண்டி இடது ஓரத்துக்கு வந்தாள். நாங்கள் தேநீர்க் கோப்பைகளை நகர்த்தி வழிவிட்டோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"கோனி, இங்க வா. எல்லாரும் கேமராவைப் பாக்குறாங்க. இவன் எங்க பாக்குறான்?"

கோனி குனிந்தாள். "அந்தக் கோடியை."

"காலைப் பாரு."

நிதானமானவன் என்று நாங்கள் ஆயுசு முழுக்கச் சொன்ன அந்த நார்மனின் வலது குதிகால் தரையிலிருந்து எழும்பியிருந்தது.

மேவிஸ் நிமிர்ந்தாள். "இவன் யாரைப் பாக்கக் கிளம்புறான்? என்னை. அங்க வந்து நிக்கிறவன் யாரைப் பாக்க வந்தான்? என்னை. கிளம்புனவன் இல்லாம வந்தவன் எப்படி வருவான்? இதுல என்னய்யா வழக்கு?" பிறகு இரண்டு கிழவர்களையும் பார்த்துக் கத்தினாள். "எதிர்வீட்டுல உக்காந்துக்கிட்டு, ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வந்து தின்னுட்டுப் போனியேடா, ஒரு வார்த்தை சொன்னியா?"

இருவரில் ஒருவன், யாரென்று எங்களுக்குத் தெரியாது, இரைப்பின் நடுவே சொன்னான். "நான் இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கேன், மேவிஸ்."

கோனி அழுதாள். நானும்தான்.

மேவிஸ் ஆளுக்கொரு கையைப் பிடித்து இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பாதிரியாரிடம் சிலர் போய்ப் புகார் சொன்னார்கள். அவள் கட்டியது நார்மன் ஹெஸ்லப்பை, இவர்களில் நார்மன் ஹெஸ்லப் இல்லாத ஆளைக் கொண்டுவாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்று அவர் அனுப்பிவிட்டார். அவர்கள் வீட்டில் இரவு இரண்டு பக்கமும் இரைக்கிறது, மேவிஸ் நன்றாகத் தூங்குகிறாள், சதை போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் மூவரும் மீன் வறுவல் வாங்க டர்ஹமுக்குப் போகிறார்கள். பேருந்தில் ஜன்னலோரத்துக்கு மட்டும் நார்மனுக்கும் நார்மனுக்கும் சண்டை வரும், ஓட்டுநர் அது முடியும்வரை வண்டியை எடுக்கமாட்டார்.