அந்த வீட்டு இருமல்

"அன்ஃபிட்" என்று கல்ஃப் வேலைக்கான பரிசோதனையில் மருத்துவர் சொன்ன பிறகும் ஜின்சி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. திரையில் அவளுடைய நெஞ்சுப் படம். வலது பக்கம் மேலே வெள்ளையாகச் சின்னதொரு திட்டு.

"இப்போ அசுகம் ஒண்ணும் இல்ல. பழைய டிபிக்க வடு. பக்ஷே கல்ஃபுக்காரனுக்க நியமம் அப்பிடியாக்கும்" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே.

"அது எங்கேருந்து கிட்டினது எண்ணு சாரு கேக்கல்லியே."

முதல்தடவை தன் ஊரான செங்கலிலிருந்து கல்ஃபுக்குக் கிளம்பியபோது இதே நெஞ்சைப் படமெடுத்து, குறையில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அங்கே அவள் பார்த்துக்கொண்ட கிழவர் ஓயாமல் இருமினார். மகன்கள் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சளிக் கிண்ணத்தை ஏந்தியதும் முதுகை நீவிவிட்டதும் இவள்தான். இவளுக்கு இருமல் வந்ததும் வீட்டுக்காரி இவள் குடித்த தம்ளரைக் குப்பையில் போட்டாள். கையோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மாதக்கணக்கில் மாத்திரை தின்று, மூத்திரம் சிவந்து, சோற்றைக் கண்டாலே குமட்டி, ஒருவழியாகத் தேறினாள்.

"அவிய வீட்டு இருமலாக்கும் சாரே இது. அவிய தந்தத நெஞ்சில வெச்சோண்டு வந்தேன். இப்ப அதையே காட்டி அவியளே வேண்டாம்ங்குதாவ."

"அடுத்த ஆள விடு" என்றார் மருத்துவர் நர்சிடம்.

வெளியே கணவன் அஜீஷோடு ஏஜெண்ட் சோமன் நின்றான். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வேற சென்டர் உண்டு. இவளுக்க பேரில தங்கச்சி ஜிஜா எக்ஸ்ரேக்குப் போய் நின்னா போரும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அஜீஷின் முகம் தெளிந்தது. அதைப் பார்த்ததும்தான் ஜின்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"காட்டதுக்கு ஜிஜாக்க நெஞ்சு. அங்க போய் கெடந்து இருமதுக்கு எனக்க நெஞ்சு. இல்லியா?"

"பிள்ளே, மெதுவா பேசு" என்றான் அஜீஷ்.

"மெதுவா பேசித்தான் அந்தக் கிண்ணத்த ஏந்தினேன்."

மருத்துவரிடம் இன்னும் கேட்க வேண்டியிருந்தது. விறுவிறுவென்று உள்ளே திரும்பினாள். அவர் அறை சாத்தியிருந்தது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே, அவளைவிட மூத்த ஒருத்தி கழுத்துச் சங்கிலியைக் கழற்ற முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். குளத்தூர்க்காரி, பெயர் விமலகுமாரி. ஜின்சி கொக்கியைக் கழற்றிவிட்டாள்.

"கூட ஆளில்ல மக்கா. நான் வாறது வர இத கொஞ்சம் பிடிக்கியா?"

"அங்க என்ன வேல?"

"ஒரு வயசான அம்மைய பாக்கணுமாம். படுக்கையிலயாம்."

"அவியளுக்க எக்ஸ்ரேய ஒங்களுக்குக் காட்டினாவளா?"

விமலகுமாரி சிரித்தாள். "நாம அவியகிட்ட கேக்க முடியுமா?"

பெயரைக் கூப்பிட்டார்கள். சங்கிலியை ஜின்சியின் கையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே அஜீஷ் கூப்பிடும் குரல் கேட்டது. ஜின்சி நகரவில்லை. மூடிய கைக்குள் அந்தச் சங்கிலி இன்னும் சூடாகவே இருந்தது.