மேற்படி கருத்து ரத்து

நேர்முகத் தேர்வுக்குக் கிளம்ப வேண்டிய காலையில், ஒரு காலில் செருப்பும் மறுகாலில் ஒன்றுமில்லாமலும் நின்றபடி, அவள் கைபேசியைப் பார்த்து "ஐயோ, மாமா!" என்று அலறினாள்.

சவரம் செய்துகொண்டிருந்த கணவன் பாதி முகத்தில் நுரையோடு ஓடி வந்தான்.

"அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ஆயிடுச்சு. படிங்க இதை."

படித்தான். அட்டைப்பெட்டித் தொழிலில் இருப்பவர்கள் கூடும் இணையக் குழு அது. அதில் அவள் எழுதிய பதில் ஒன்றுக்குக் கீழே, ஊர் உலகத்துப் பெட்டி நிபுணர்களெல்லாம் பார்க்கிற இடத்தில், அவள் மாமனார் இப்படி எழுதியிருந்தார்:

'அன்பு மருமகளுக்கு ஆசிகள். அருமையான பதில். நான்கு வருடமாக வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து என் பேத்தியை வளர்த்தாய். ஆனாலும் படித்ததை மறக்கவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். இனி உன் காட்டில் மழைதான். வெறும் வயிற்றோடு கிளம்பாதே. இப்படிக்கு, மாமனார்.'

கணவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பை நுரையோடு துடைத்துக்கொண்டான்.

"நூத்துப் பதினாலு பேர் லைக் போட்டிருக்காங்க" என்றாள் அவள். "என் பதிலுக்கே அவ்வளவு வரல."

சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அவள் அட்டைப்பெட்டிகள் வடிவமைப்பவள். மருந்துப் புட்டியோ, மின்விசிறியோ, எது உடையாமல் போய்ச் சேர வேண்டுமோ அதற்கேற்ற பெட்டியைக் கணக்குப் போட்டு உருவாக்குவது அவள் வேலை. கல்யாணமான புதிதில் கணவன் 'பொட்டிக்காரி' என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். ஆறு மாதம் என்றுதான் நினைத்தாள். குழந்தைக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வந்ததில் ஆறு மாதம் ஒரு வருடமாகி, ஒரு வருடம் நான்காகிவிட்டது. குழந்தை தேறி, பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோது, இவள் மறுபடியும் விண்ணப்பங்கள் அனுப்பத் தொடங்கினாள். கிணற்றில் கல் போட்டால்கூட ஒரு சத்தம் வரும். இவளுக்கு அதுவும் வரவில்லை.

அப்போதுதான் கணவன் அவளுடைய இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். அவன் பல் செய்கிறவன். மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்ப, பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்து செயற்கைப் பற்களை உருவாக்குவான்.

"இதோ பாரு, நடுவுல நாலு வருஷம் ஓட்டை. சிரிச்சா முன்னாடி பல் இல்லாத மாதிரி இருக்கு. அடைச்சுட வேண்டியதுதான்."

"எதை வெச்சு அடைக்கறது?"

"சுயாதீன பேக்கேஜிங் ஆலோசகர். எப்படி? பக்கத்துப் பல்லோட கலர் கரெக்டா ஒத்துப்போகுது பாத்தியா?"

"யாருக்கு ஆலோசனை சொன்னேன்?"

"எனக்குச் சொல்லல? தினமும் சொல்ற."

அரைமனதாகத்தான் சரி என்றாள். அதோடு அவன் நிற்கவில்லை. தொடர்பில் ஐந்நூறு பேராவது இருந்தால்தான் மதிப்பு என்று எங்கோ படித்துவிட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் சேர்த்தான். கடைசியில் ஒரு தலை குறைந்தது. தன் அப்பாவின் கைபேசியை வாங்கி அவரையும் சேர்த்துவிட்டான். 'ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர், பதிவு அலுவலகம்' என்று அவருக்கும் ஒரு பக்கம் உருவாயிற்று. அவரோ அதைக் குடும்பக் குழு மாதிரி இன்னொன்று என்று நினைத்துக்கொண்டார்.

ஆலோசகர் என்று போட்டும் எந்தக் கதவும் திறக்கவில்லை என்பது வேறு விஷயம். கதவைத் திறந்தது ஒரு புகைப்படம்.

குழுவில் ஒரு பெண், ஒரு மருந்துக் கம்பெனியின் உற்பத்தி மேலாளர், கிடங்கின் படத்தைப் போட்டு, 'பரிசோதனையில் பாஸாகிற பெட்டி, கிடங்கில் அடிவரிசையில் நசுங்குகிறது. தடிமனான அட்டைக்கு மாறியும் பலனில்லை. யாராவது உதவ முடியுமா?' என்று கேட்டிருந்தார். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஈரப்பதம் என்றார் ஒருவர். பசை சரியில்லை என்றார் இன்னொருவர். இவள் குழந்தையின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அட்டையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று தெரிந்தது. சுவர் கட்டுகிறவர் செங்கல்லை மாற்றி மாற்றி வைப்பதுபோல அங்கே பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் அட்டைப்பெட்டியின் பலமெல்லாம் அதன் நான்கு மூலைகளில்தான். மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் நடுவயிற்றில் உட்கார்ந்தால் அது எப்படித் தாங்கும்? 'மூலைமேல் மூலை வருகிற மாதிரி நேராக அடுக்கிப் பாருங்கள். அட்டையை மாற்ற வேண்டாம்' என்று எழுதினாள்.

ஒரு வாரம் கழித்து, 'நசுங்கவில்லை. எங்களுக்கு ஓர் ஆள் தேவை. நேரில் வர முடியுமா?' என்று அந்த மேலாளரே கேட்டிருந்தார்.

அந்தப் பதிலுக்குக் கீழேதான் மாமனார் ஆசி வழங்கியிருந்தார். மேலாளர் கண்ணில் படாமல் போகுமா? இணையப் பக்கத்தில் ஆலோசகர் என்று இருக்கிறது. மாமனார் வேலைக்கே போகவில்லை என்கிறார். பொய்க்காரி என்று வாசலோடு அனுப்பிவிடமாட்டார்களா?

"உடனே டெலீட் பண்ணச் சொல்லுங்க" என்றாள்.

மாமனார் பக்கத்து ஊரில் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பியாயிற்று. கைபேசியும் அவருமாகத் தனியாக இருந்தார்.

"என்னம்மா, சாப்பிட்டியா? நான் எழுதினதைப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அதைக் கொஞ்சம் எடுத்துடறீங்களா? இன்டர்வியூல சங்கடமாயிடும்."



"அடடா. தப்பாயிடுச்சாம்மா? நான் பெருமையா எழுதினேன்."

"தப்பெல்லாம் இல்ல மாமா. அந்தக் கருத்து மேல விரலை அழுத்திப் பிடிச்சா..."

"புரிஞ்சுது, புரிஞ்சுது. நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியாக் கிளம்பு."

போன் வைக்கப்பட்டது. அவளுக்கு உயிர் வந்தது. மறுகாலுக்கும் செருப்பைப் போட்டாள்.

இங்கே மாமனாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் முப்பது வருடத்துக்கு மேல் பதிவு அலுவலகத்தில் இருந்தவர். அங்கே எழுதியதை யாரும் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் அதைப் படிக்கும்படியே விட்டுவிட்டு, கீழே ரத்துக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அழித்தவன் வேலையையே இழந்த கதைகள் அவருக்குத் தெரியும். ஆகவே மருமகள் கேட்டுக்கொண்டதை அவர் முறைப்படி நிறைவேற்றினார்.

பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அவள் மறுபடி பார்த்தபோது, பழைய கருத்து அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக ஒன்று:

'மேற்படி கருத்து, என் மருமகள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டதன்பேரில், நேர்முகத் தேர்வுக்குச் சங்கடம் என்பதால், இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. அதை எவரும் படித்ததாகக் கொள்ள வேண்டாம். ஒப்பம், மாமனார், ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர்.'

இதற்கு விழுந்த லைக்கை எண்ண அவளுக்குத் தெம்பில்லை. மாமனாரை அழைத்தாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. கணவனை அழைத்தாள்.

"பாத்தேன்" என்றான் அவன். ஏதோ மூச்சடைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"சிரிக்கிறீங்களா?"

"இல்ல, இல்ல. பல் மாவு தூசி. சரி, கேளு. கேட்டா ரெண்டு மூணு சின்ன கம்பெனி பேரைச் சொல்லிடு. மாமனாருக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் சரியில்லன்னு..."

"அவருக்கா ஞாபகம் சரியில்ல?" என்றாள் அவள். குரல் அவளை மீறி உயர்ந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "நான் ராத்திரியெல்லாம் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தப்போ கூடவே முழிச்சிருந்தவரு. அவரைப் போய் மறதிக்காரர்னு சொல்லணுமா? வைங்க போனை."

கம்பெனி வாசலில் போய் இறங்கினாள்.

கம்பெனியின் அந்த அறையில் நீள மேசை, சத்தம் போடும் ஏ.சி., மூலையில் ஒரு மாதிரிப் பெட்டி. அந்த மேலாளர் குள்ளமாக, கழுத்தில் கண்ணாடி தொங்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆட்களைத் தேர்வு செய்யும் அதிகாரி, கஞ்சி போட்ட சட்டை மாதிரியே முகமும். மேலாளரின் கைபேசி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. படித்தாரா, இல்லையா? அந்தக் கைபேசியின் முதுகைப் பார்த்து என்ன தெரியும்?

மேலாளர் மூலையிலிருந்த பெட்டியை எடுத்து அவள் முன் வைத்தார். அவள் அதைப் புரட்டினாள், மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினாள், மடிப்பைத் திறந்து மூடினாள். அதோடு பயம் போய்விட்டது. நெடுநாள் கழித்துத் தன் மொழியில் யாரோ பேசுவதுபோல இருந்தது. இந்த மடிப்பில் அட்டை வீணாகிறது, கைப்பிடித் துளையை இரண்டு விரற்கடை கீழே இறக்கினால் கிழியாது என்றாள். மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசியதில் அதிகாரி என்று ஒருவர் இருப்பதே மறந்துபோயிற்று.

அவர் தொண்டையைச் செருமினார்.

"கடைசி நாலு வருஷம் ஆலோசகர்னு போட்டிருக்கீங்க. எந்தெந்த கம்பெனிக்குன்னு சொல்ல முடியுமா?"

கணவன் சொல்லிக்கொடுத்த இரண்டு மூன்று சின்ன கம்பெனிகள் நாக்கு நுனிவரை வந்தன. சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பார். ஒருவேளை வேலையும் கிடைத்திருக்கும். ஆனால் ரத்துக் குறிப்பின் கீழே 'ஒப்பம்' என்று முழுசாகத் தன் பதவியோடு எழுதிய மனிதரை நினைத்துக்கொண்டாள். மாமாவைப் பொய்யாக்கிவிட்டு இந்த நாற்காலியில் எப்படி உட்காருவது?

"எந்தக் கம்பெனிக்கும் இல்ல சார். நான் வீட்டுல என் பொண்ணைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவளுக்கு உடம்பு சரியில்லாம இருந்தது. ஆலோசகர்னு போட்டது பொய். இப்பவே எடுத்துடறேன்."



"அப்பாடா!" என்றார் மேலாளர்.

அவள் நிமிர்ந்தாள். மேலாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேயே உங்க மாமனார் எழுதினதைப் படிச்சேன். சந்தோஷமா இருந்தது. ஆலோசகர்னா எங்களுக்குக் கட்டுப்படியாகுமா, நாலு மாசத்துல பறந்துடுவாங்களோன்னு எனக்கு ஒரே கவலை. இவருகூட வேண்டாம்னுதான் சொன்னாரு. வீட்டுல இருந்தவங்கன்னு தெரிஞ்சதும் நிம்மதியாச்சு. அப்புறம் பாத்தா, ரத்துன்னு வந்து நிக்குது! எனக்கு மறுபடியும் பயம் வந்துடுச்சு. இவங்க அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவாங்களோன்னு."

அதிகாரி சிரிக்கவில்லை. "பக்கத்தைத் திருத்திட்டு எனக்கு அனுப்புங்க. அதுக்கப்புறம்தான் வேலைக்கான ஆர்டர்" என்றார். நியாயம்தானே?

திரும்பி வரும் பேருந்தில் முதல் வேலையாக அதைத் திருத்தினாள். 'ஆலோசகர்' போயிற்று. 'மகளை வளர்த்தேன்' என்று எழுதினாள். பல் விழுந்த இடத்தை நாக்கு தடவிப் பார்ப்பதுபோல அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். வலிக்கவில்லை. கணவனுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: 'உங்க பல்லைக் கழட்டிட்டேன். வேலை கிடைச்சுடுச்சு.'

'என் கடைப் பேரைக் கெடுக்காதே, பொட்டிக்காரி. சாயங்காலம் கேக் வாங்கிட்டு வரேன்' என்று பதில் வந்தது.

வீட்டு மாடிப்படியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை, அவசரத்தில் மாட்டிய சட்டையில் ஒரு பொத்தான் தப்பாக மாட்டியிருந்தது. அடுத்த பேருந்தைப் பிடித்து ஓடி வந்திருக்கிறார்.

"கெடுத்துட்டேனாம்மா?" எழுந்திருக்காமலே கேட்டார். "அவன் போன்ல கத்தினான். அழிக்கத்தான் சொன்னியாமே. எனக்கு அழிச்சுக் கை பழகலம்மா. எழுதினதை எப்படி அழிக்கறது?"

அவள் கைப்பையைப் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள்.

"வேலை கிடைச்சுடுச்சு மாமா. உங்களாலதான். நீங்க முதல்ல எழுதினதைத்தான் அவங்க நம்பினாங்க."

"முதல்ல எழுதினதையா?"

"ஆமா. ரத்து பண்ணதைப் பாத்துதான் பயந்துட்டாங்களாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நெஞ்சில் கைவைத்து, பேருந்தில் ஏறியதிலிருந்து பிடித்து வைத்திருந்தாரோ என்னவோ, அப்படி ஒரு மூச்சை நீளமாக விட்டார். விட்ட கையோடு சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"அது அப்படியே நிக்கக் கூடாதும்மா. முறைப்படி முடிக்கணும்" என்று ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். அவள் தடுக்கவில்லை. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'மேற்படி ரத்து, இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. முதல் கருத்தே செல்லும். மருமகளுக்கு வேலை கிடைத்துவிட்டது.'

தட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"காலையில சாப்பிட்டியா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல."

"இல்ல மாமா."

"பாத்தியா. நான் எழுதினதை நீயே சரியாப் படிக்கல" என்று சொல்லிவிட்டு, 'ஒப்பம்' போட்டார்.