ரேகை வைக்கும் இடம்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை கூலிக்கு எழுத வந்ததுதான். ஷார்ஜா ரோலாவில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். விசா விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். போன மாதம் சந்தியா என்பவர் அழைத்தார். வடக்கே ஒரு மாநிலத்தில் ஆளுநராக இருக்கும் பத்மநாபனின் உதவியாளர்.

“ஐயாவ ஜனாதிபதி வேட்பாளரா நிறுத்தலாம்னு டெல்லியில பேச்சு இருக்கு சார். அவர் தம்மாம்ல கட்டட வேலை பார்த்த காலத்தைப் பத்திச் சின்னதா ஒரு புத்தகம் வேணும். அப்ப அவர் ரூம்ல இருந்த கார்மேகம் இப்ப உங்க பில்டிங் வாட்ச்மேன்தான். அவர் சொன்ன மாதிரி ஒரு பக்கம், கீழ கைரேகை. வெள்ளிக்கிழமை ஐயா துபாய் விழாவுக்கு வர்றார். மேடையில கார்மேகம் பக்கத்துல உட்காரணும்.”

உட்கார்ந்து எழுதிய முதல் வரி: ‘சுட்டெரிக்கும் பாலையிலே, மனைவி நோயுற்ற நண்பனுக்குத் தன் விடுப்பையே விட்டுக்கொடுத்த தியாகச்—’

(வேண்டாம். வெட்கமாக இருக்கிறது. சந்தியாவுக்கு என்னவோ இந்த வரிதான் மிகவும் பிடித்துவிட்டது.)

2

மறுபடியும் தொடங்குகிறேன்.

கார்மேகத்துக்கு அறுபத்திரண்டு வயது. முதுகுளத்தூர்ப் பக்கம். முன்பு இருந்த கம்பெனியை மூடிவிட்டு, விசா கொடுத்த முதலாளியான கபீல் நாட்டை விட்டே போனபோது, இவருடைய பாஸ்போர்ட்டும் அவரோடு போய்விட்டது. பாஸ்போர்ட் இல்லாமல் ஊர் திரும்பத் தூதரகம் தரும் அவுட்பாஸ் வேண்டும். அந்த விண்ணப்பம் இரண்டு வருடமாக ஏதோ ஒரு மேசையில் தூங்குகிறது. மகள் பானுமதி தினமும் காலையில் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறாள். இவரும் “வந்துருவேன்த்தா” என்கிறார். ஆளுநர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த மேசை விழித்துக்கொள்ளும் என்றார் சந்தியா.

கார்மேகத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

3

முப்பது வருடத்துக்கு முன், சவுதியில் தம்மாம் கேம்ப். அங்கே லீவு முறை வைத்துத்தான் கிடைக்கும், அறைக்கு மாதம் ஒரு ஆள். யார் முறை என்று கம்பெனி கதவில் பட்டியல் ஒட்டும். அந்த அறையில் அதை வாசிக்கத் தெரிந்தவர் பத்மநாபன் ஒருவர்தான்.

அந்த மாதம் கார்மேகத்தின் முறை. ஊரில் மனைவி நாகவள்ளிக்கு வயிற்றில் ஆபரேஷன். நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால்தான் செய்துகொள்வேன் என்று கடிதம் போட்டிருந்தாள். அதை வாசித்துக் காட்டியவரும் பத்மநாபன்தான்.

அவருக்கும் ஊரில் ஒரு தேதி இருந்தது. ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள்.*

“இந்த மாசம் எம்பேருடா. உனக்கு அடுத்த மாசம். சீக்கிரம் விடச் சொல்லி மனு எழுதியிருக்கேன், ரேகை வை.”

கார்மேகம் வைத்தார். என் முறையைப் பத்மநாபனுக்குக் கொடுக்கிறேன் என்று எழுதிய தாள் அது. அடுத்த மாதம் ஃபோர்மேன் அதையே எடுத்து நீட்டி, நீதானே கொடுத்தாய் பாய் என்று இந்தியில் கேட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

லீவில் போகிறவர் அறைக்காரர்களின் பெட்டிகளையும் கொண்டுபோவது வழக்கம். கயிறு கட்டி, மார்க்கரில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி. கார்மேகத்தின் பெட்டியைப் பத்மநாபன் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார், அதில் குறை சொல்ல முடியாது. கார் கூரையில் இருந்த பெட்டியில் புருஷன் பெயரைப் பார்த்த நாகவள்ளி ஓடிவந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்திருக்கிறாள். அவர் வரட்டும், அவர் வரட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போய், இருபதாம் நாள் இறந்துபோனாள்.

இந்தப் பத்தியை எழுதும்போது எனக்குப் பத்மநாபன் மேல் ஆத்திரமாக வந்தது. எழுத்தாளன் ஆத்திரப்படக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

(*அங்கிருந்து ஒன்றியம், சட்டசபை, நாடாளுமன்றம், ஒரு தோல்வி, பிறகு ராஜ்பவன். சந்தியா அனுப்பிய குறிப்பு ‘ஊராட்சித் தலைவர்’ என்றுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வரி அதில் இல்லை.)

4

விஷயத்தைச் சொன்னபோது கார்மேகம் லிஃப்ட் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவன் குடுத்தானாமா? எனக்கா?”

துணியை வாளியில் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

“நான் ஒண்ணும் கேக்கல தம்பி. உம்முறைய நாந்தான் எடுத்தேன்னு அவன் சொல்றதாத் தாள்ல இருக்கட்டும். இருந்துச்சுன்னா ரேகை வைக்கிறேன், மேடையில பல்லக் காட்டிக்கிட்டும் உக்காருறேன்.”

“அதப் போட்டா அவங்க ஒத்துக்க மாட்டாங்கண்ணே. அவுட்பாஸ் நடக்காது.”

“இல்லாததப் போட்டா நான் வைக்க மாட்டேன்.” துணியை எடுத்துப் பிழிந்துகொண்டே, “பானுமதிக்கு என்ன சொல்றது?” என்றார். “எழுதுங்க தம்பி. எழுதிட்டு வாசிச்சுக் காட்டுங்க.”

5

முடிவுகள்.

அ. சந்தியா கேட்ட தாளை உள்ளபடி வாசிக்கிறேன். கார்மேகம் எழுந்து போய்விடுகிறார். மேடையில் வேறு யாரோ உட்காருகிறார்கள். காலையில் பானுமதி அழைக்கிறாள்.

ஆ. கார்மேகம் கேட்ட தாளை எழுதி வாசிக்கிறேன். கண் கலங்க ரேகை வைக்கிறார். சந்தியா அதைக் கிழித்துப் போடுகிறார். காலையில் பானுமதி—

(அதேதான்.)

இ. சந்தியாவின் தாளைக் கார்மேகம் முன்னால் வைத்துவிட்டு, அவர் கேட்ட தாளில் இருப்பதை வாசிக்கிறேன். கேட்ட வார்த்தை காதில் விழுகிறது. மனம் ஆறி ரேகை வைக்கிறார். ஊருக்குப் போகிறார். மேடைப் பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான், சந்தியாவிடம் விசாரித்துவிட்டேன். கார்மேகத்துக்குக் கடைசிவரை தெரியாது.

நல்ல எண்ணத்தில்தான் யோசித்தேன். எழுதி முடித்த பிறகுதான், மூன்றாம் பகுதியிலேயே பத்மநாபனை வைத்து இதை எழுதிவிட்டேன் என்று உறைத்தது.

6

இன்று புதன்கிழமை, மாலை நான்கு மணி. கார்மேகம் கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு தாளும் மேசையில் இருக்கின்றன. மை டப்பாவை அவரே திறந்துகொண்டார்.

“வாசிங்க தம்பி.”

நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். என்னால் ஆகாது. தாள்களை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியும், இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள்.

அவர் இப்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறார். கட்டைவிரலில் மை தொட்டாயிற்று.

“எங்க வைக்கணும்?” என்று கேட்கிறார்.